வேம்படியில் நின்ற வாகனம்

மார்ச் 14, வியாழன். 212ஆம் நாள்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். வாகனத்தை நிழலில் விடச் சொன்னேன்.

சிறியதுதானா என்று இப்போது தெரியவில்லை. நேரத்தைப் போட்டு வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். நான் போகும் மாலை வகுப்பில் அப்படித்தான் எழுதச் சொல்வார்கள்.

பதினொன்று ஐந்து. தூதரக வாகனம் வந்தது. முன்னால் சிறிய கொடி.

இராணுவ முகாம் வாசலுக்கு நேர் எதிரே, வீதியோரம் எங்கள் போராட்டக் கொட்டில். முள்வேலிக்கு உள்ளே, நாங்கள் திருப்பிக் கேட்கும் எங்கள் காணிகள். பதினேழு பெண்கள் பாயில் இருந்தார்கள்.

சாரதி வாகனத்தை வாசலுக்கு முன்னால் நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். எங்களைத் தேடி வந்தவரை வெயிலில் விடுவதா? வாசிகசாலைக்குப் பின்னால் வேம்பு நிற்கிறது, அங்கே கொண்டுபோய் விடுங்கள் என்று கையைக் காட்டினேன். சின்னமணி அன்ரி அவருக்கு மோர் கொடுத்தனுப்பினார்.

வந்தவர் இரண்டாம் செயலாளர். பெண். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் அமர்ந்தார். நான் மொழிபெயர்த்தேன்.

தங்கள் நாடு என்ன செய்யலாம் என்று கேட்டார்.

தவமலர் அக்கா பதில் சொன்னார். கொட்டிலை முதல் நாளிலிருந்து நடத்துபவர் அவர். கடிதங்களில் கையெழுத்தும் அவருடையது.

"காசு வேண்டாம். அறிக்கையைப் பிறகு எழுதுங்கோ. எல்லாரும் பாக்கத்தக்கதா வந்து எங்களோட கொஞ்ச நேரம் இருங்கோ. அது காணும்."

நாற்பது நிமிடம் இருந்தார். போகும்போது பின் ஒழுங்கையால் கூட்டிக்கொண்டுபோய் வாகனத்தில் ஏற்றினேன்.

அந்த வழி கிட்டம்.

மூன்று மணி. பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கடிதத்தோடு வந்தார். தவமலர் அக்கா நாளை ஒன்பது மணிக்கு வாக்குமூலம் கொடுக்க வரவேண்டும். வெளிநாட்டவருடன் இரகசியக் கூட்டம் நடத்தியது பற்றி.

இரகசியமா?

"வாகனத்தை ஒளிச்சு வைச்சு, ஆளைப் பின் ஒழுங்கையால அனுப்பினா, வேற என்னெண்டு சொல்றது?"

உத்தியோகத்தர் கோபமாகச் சொல்லவில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுபோலச் சொன்னார்.

இந்தக் கொட்டிலுக்கு ஒரே ஒரு ஒழுங்கு இருக்கிறது. எதையும் மறைப்பதில்லை. துண்டுப்பிரசுரம் அடித்தால் முதல் பிரதி முகாம் காவலரணுக்குத்தான். தவமலர் அக்காவே வீதியைக் கடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவார். சில நாள் வாங்குவார்கள். சில நாள் கம்பியில் செருகிவிட்டு வருவார்.

212 நாள் அப்படி.

அக்கா ஏற்கெனவே ஒரு வழக்கில் பிணையில் இருக்கிறார். இன்னொன்று வந்தால் பிணை போய்விடும். உள்ளேதான் இருக்கவேண்டும்.

வாகனத்தை அங்கே விடச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மோர் கொடுத்ததும் சதிதானோ என்றார் சின்னமணி அன்ரி. "உப்புக் கூடிப்போச்சு. அதையும் எழுதிக்கொண்டு போங்கோ தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். பொலிஸ்காரரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஐந்தரை. செயலாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். மேலிடத்தில் ஒருவரிடம் மெதுவாகப் பேசிப் பார்க்கலாம், வெளியே தெரியவராது என்றார். அக்காவிடம் சொன்னேன். அவர் பாயை உதறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"பிள்ளை, பின்வழி ஒருக்காப் போதும்."

செயலாளர் வேறொன்றும் கேட்டிருந்தார். நாளை தான் நேரில் வந்தால் அக்காவுக்கு உதவியா, உபத்திரவமா?

அதற்கு நான் தனியே பதில் சொல்லக்கூடாது. பதினேழு பேரிடமும் கேட்டேன். அரைமணி நேரம் வாக்குவாதம். வந்தால் இன்னும் கோபப்படுவார்கள் என்றார்கள் சிலர். வராவிட்டால் இன்றைக்கு வந்ததும் களவாக வந்ததாகிவிடும் என்றார்கள் மற்றவர்கள். கடைசியில் முடிவானது: வரட்டும். பொலிஸ் நிலைய வாசலில், கொடி தெரிய, வெயிலில் நிற்கட்டும்.

அப்படியே சொன்னேன். தூதுவரிடம் கேட்டுவிட்டு அறிவிப்பதாகச் சொன்னார்.

இன்னும் அறிவிக்கவில்லை.

தெரியாமல் செய்தது என்று எழுதினேன். வெட்டிவிட்டேன். காவலரணுக்கு முதல் பிரதி ஏன் போகிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பிரசுரங்களைத் தட்டச்சு செய்வதே நான்தான்.

என்மீது இதுவரை வழக்கு எதுவும் இல்லை.

நாளை: எட்டு மணி பஸ். அடையாள அட்டை எடுத்துவைக்க வேண்டும். தவமலர் அக்காவின் பெயரைக் கூப்பிடும் முன் நான் எழும்பிச் சொல்ல வேண்டும்.