சைக்கிளின் எடை

ஞாயிறுதோறும் மலையேறும் சைக்கிள்காரர்களில் நடேசன்தான் எப்போதும் கடைசி. ஆனால் ஒரு மாதமாக அவன் கொண்டை ஊசி வளைவுகளில் கூட்டாளி அமலனை முந்திக்கொண்டு, போதாததற்குப் பாட்டு வேறு பாடிக்கொண்டு போகிறான். "உனக்கு வயசாயிடுச்சு மாப்ள," என்கிறான். அமலனுக்கு வயிறு எரிந்தது. வண்டிக்குள் மோட்டாரை ஒளித்துவைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான்.

அன்று உச்சி டீக்கடையில் நடேசன் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, அவனுடைய சைக்கிளை சீட்டைப் பிடித்துத் தூக்கினான் அமலன். கீரைக்கட்டு போல வந்தது. மோட்டாரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தன்னுடையதைத் தூக்கினான். கை இழுத்தது.

சீட்டைத் தண்டோடு உருவிவிட்டு வண்டியைக் கவிழ்த்தான். முதலில் ஒரு கந்தல் துணி விழுந்தது. அதன் பின்னால் சடசடவென்று ஈயக்குண்டுகள் கொட்டின. மீன்வலையில் கோக்கிற குண்டுகள். அவன் மாமனார் வீட்டு முற்றம் முழுக்கக் கிடப்பவை. மலையேறவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது, வீட்டில் அவன் மனைவி லூர்து மட்டும் தடுக்கவில்லை. சனிக்கிழமைதோறும் வண்டியைத் துடைத்து வைப்பதுகூட அவள்தான்.

செல்போன் அடித்தது. லூர்து.

"என்னங்க, பாதியில திரும்பிட்டீங்களா?"

"உச்சிக்கு வந்துட்டேன்."



"உச்சிக்கா?" என்றாள். "நெஞ்சு ஒண்ணும் பண்ணலையா?"