சுஜீதனின் கறுப்புச் சப்பாத்து

நேர்மை தமிழனின் இரத்தத்தில் ஊறியது என்று, மெரிலேண்ட்ஸில் அறைகளை வாடகைக்கு விடும் இரத்தினசிங்கம் அங்கிள் வாசலில் நின்று அறிவிக்கிறார். அந்த இரத்தம் ஓடும் வீட்டில் வாடகைக்கு இருக்கும் சுஜீதனின் புதுக் கறுப்புச் சப்பாத்தைக் காணவில்லை. வேலைக்கான இன்டர்வியூவுக்கு இன்னும் ஒரு மணிநேரம்தான் இருக்கிறது. கோட்டும் டையும் போட்ட சுஜீதன் வெறும் காலுறையோடு நிற்கிறான். சப்பாத்துத் தட்டின் வெற்றிடத்தில் காலை வெயில் விழுந்து கிடக்கிறது. போன கிழமை பக்கத்து அறைக்குக் குடிவந்த அருந்தவன் தன் பெட்டியைத் திறந்து காட்டுகிறான். “வடிவாப் பாருங்கோ அங்கிள். என்ர கால் அவன்ர காலிலை பாதி.” “கள்ளன் அளவு பாக்கிறேல்லைத் தம்பி. பின்னேரத்துக்கிடையிலை அறையை விட்டிடும்.” அருந்தவன் பெட்டியை மூடுகிறான், பூட்டு இரண்டு தரம் வழுக்குகிறது. குசினியில் தாளிக்கும் சத்தம் அடங்க, அங்கிளின் மனைவி விமலாதேவி எட்டிப் பார்க்கிறார். “ஏனப்பா, நேற்றுக் கோயிலுக்கு ஆரின்ர சப்பாத்தோட போனனீங்கள்?” அங்கிள் கூரையைப் பார்க்கிறார். கோயில் வாசலில் தன் சப்பாத்து களவு போய்விடும் என்ற பயத்தில், அவர் எப்போதும் வாடகைக்கு இருப்பவர்களின் சப்பாத்தில்தான் கும்பிடப் போவார். நேற்று வெறுங்காலோடு திரும்பி வந்தார்.