மிச்ச விளக்கெண்ணெய்

டாக்குரியாப் பேட்டை வீட்டு வாசலில், மஹாதேவனுக்கு இரண்டாந்தாரம் பார்க்க அலிப்பூர் புறப்பட்ட மோட்டார் வண்டி வெயிலில் நிற்கிறது. எஞ்சினுக்கு எண்ணெய் போதவில்லை. அவன் சித்தப்பா உள்ளே போய், மஹாதேவனின் முதல் மனைவி நாகலக்ஷ்மியின் பிரசவத்துக்கு வாங்கி, அவள் செத்த பின்னும் மாடத்திலேயே இருந்த விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்து வருகிறார். தகரக் குவளையிலுள்ள கறுத்த மோட்டார் எண்ணெயில் அதைக் கவிழ்த்துக் குச்சியால் கலக்குகிறார். இரண்டும் சேராமல் சளிபோலத் திரிதிரியாகத் தொங்குகின்றன. "சித்தப்பா, அது அவளோடது." "எதுவானா என்னடா, எண்ணெய்தானே! ஒண்ணு தீர்ந்தா இன்னொண்ணு. ஏறு, ராகுகாலம் வந்துடும்." ஊற்றி முடுக்கியதும் எஞ்சின் நீலப்புகை கக்குகிறது. பிரசவ அறையின் அதே வாடை. மஹாதேவன் வண்டியில் ஏறவில்லை. சக்கரத்தடியில் உருண்டு கிடக்கும் காலிப் புட்டியை எடுக்கிறான். புது அங்கவஸ்திரத்தால் அதை அழுந்தத் துடைத்தபடி வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிடுகிறான்.