திட்டுச் சீட்டுகள்

சலவை அறைப் பலகையில் ஏழு சீட்டுகள் குத்தப்பட்டிருந்தன. துணிக்கூடையைத் தரையில் போட்டுவிட்டுக் கைபேசியை எடுத்தேன்.

அப்போது ஸ்வீடனின் உப்சாலா நகரில் மானிடவியல் படித்துக்கொண்டிருந்தேன். அடுக்ககங்களின் பொதுச் சலவை அறையில் அண்டை வீட்டார் எழுதிக் குத்தும் கோபச் சீட்டுகள்தான் என் ஆய்வு. ஸ்வீடன்காரர்கள் நாங்கள் நேருக்கு நேர் சண்டை போடுவதில்லை. சீட்டு எழுதுவோம்.

ஆனால் எங்கள் கட்டடத்தில் நான்கு மாதமாக ஒரு சீட்டுகூட இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் தரவு காட்டாவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்று பேராசிரியை சொல்லிவிட்டார்.

தொல்லியல் படிக்கும் என் தோழி லினேயாவுக்கு இந்தக் கவலை இல்லை. "என் ஆளுங்க செத்து ஆயிரம் வருஷமாச்சு. உன் ஆளுங்க உசிரோட இருக்காங்க பாரு, அதான்டா பிரச்சினை" என்பாள்.

இதோ, ஏழு!

'மூன்றாம் மாடி மால்டே, உன் ஈர சாக்ஸில் காளான் முளைத்துவிட்டது.'

'மால்டே, டிரையரில் நீ விட்டுப்போன பஞ்சை அள்ள உன் அம்மா வருவாளா?'

'நான் பதிவு செய்திருந்த சலவை நேரத்தைத் திருடிய மால்டே, நீயெல்லாம் மனிதனா?'

ஏழும் என்னைத்தான் திட்டின. ஆய்வாளனும் நான், குற்றவாளியும் நான். எந்த மாணவனுக்கு இந்த யோகம் வாய்க்கும்?

படமெடுத்து முடித்த பிறகுதான் தேதிகளைப் பார்த்தேன். எல்லாம் போன வாரம்.

போன வாரம் முழுக்க நான் காய்ச்சலில் கிடந்தேன். ஒரு சாக்ஸ்கூடத் துவைக்கவில்லை. முதல் மாடி குன்வோர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பட்டாணி சூப் கொண்டுவந்தபோது அவரிடம் ஆய்வைப் பற்றி ஏதோ புலம்பியது மட்டும் நினைவிருக்கிறது.

கதவு திறந்தது. குன்வோர்தான். கையில் குண்டூசியும் எட்டாவது சீட்டும்.

"எந்திரிச்சுட்டியா? நாலாம் மாடிக்காரர் ரொம்ப அசிங்கமா எழுதிட்டாரு, நான்தான் மாத்தி எழுத வச்சேன். எட்டு போதுமாடா? பாஸாயிடுவியா?"

எனக்கு உதவ எழுதிய, கோபமே இல்லாத கோபச் சீட்டுகள். ஒன்றைக்கூட ஆய்வில் சேர்க்க முடியாது.

"தாராளமா போதும், குன்வோர்" என்றேன்.

அடுத்த வருடமும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தேன். குன்வோர் விசாரிக்கும்போதெல்லாம், மேல்படிப்பு என்பேன்.