சுப்பம்மா தேய்த்த டாங்கி

"கஜேந்திரா, ஓடியாந்து பாரு! ஒன் டாங்கிய எப்படிக் கண்ணாடியாட்டம் ஆக்கி வச்சிருக்கேன்னு!"

சோடாப் போத்தல்களோடு தோட்டத்து லயத்து வீட்டுக்குள் நுழைந்த கஜேந்திரன், அம்மா சுப்பம்மா நீட்டியதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் யுத்த டாங்கி. கொழும்பில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை செய்கிறவன், பெட்டியில் துண்டு துண்டாக வந்ததை வாங்கி, லீவு நாளெல்லாம் உட்கார்ந்து அவனே ஒட்டியது. பீரங்கிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் தலைப் பகுதி, கவிழ்த்த சட்டி மாதிரி உருண்டையாக இருக்கும். காலையில் அவன் சோடா வாங்கப் புறப்பட்டபோது அது சொரசொரப்பாக இருந்தது. இப்போது வழவழவென்று மின்னியது.

"என்னம்மா செஞ்ச?"

"மேலெல்லாம் அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியா இருந்திச்சுடா. பிளேடால சொரண்டி, சேண்ட் பேப்பர் போட்டுத் தேச்சு, தேங்காண்ணெ பூசித் தொடச்சேன். இத்தன வருசமா ஷீட்டு பாக்குறவளுக்கு இது தெரியாதா?"

தெரியாமல் என்ன? தோட்டத்து இறப்பர் ஸ்டோரில் சுப்பம்மாவின் வேலையே அதுதான். புகை போட்ட இறப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தூசியோ குமிழியோ கண்ணில் பட்டால் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். ஒரு புள்ளி தப்பினாலும் ஸ்டோர் ஐயா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. ரொட்டி மாவில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால்கூடக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் கல்லில் போடுவாள்.

"அது பிழ இல்லம்மா. நாந்தான் வேணும்னு செஞ்சேன்."

"நல்ல சாமான யாராச்சும் வேணும்னு கெடுப்பாங்களா?"

"நெசமான டாங்கித் தலைய, இரும்ப உருக்கி அச்சுல ஊத்தித்தான் செய்வாங்க. ஊத்துன இரும்பு வழவழன்னா இருக்கும்? ஒங்க ஸ்டோர்ல ரோலர் மெசினோட காலத் தொட்டுப் பாத்ததில்லையா? அதே மாதிரி வரணும்னு, புட்டிப் பசைய நகத்துக் கியூடெக்ஸ் அழிக்கிற தண்ணியில கரைச்சுப் பூசி, முடியக் கட்டையா வெட்டுன பிரஷால குத்திக் குத்தி எடுத்தேன். எத்தன தரம் வழிச்சுப் போட்டுட்டு மறுபடி செஞ்சேன் தெரியுமா?"

சுப்பம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

"பெயிண்டும் அடிக்காம இருந்திச்சா, அரகொற வேலன்னு நெனச்சிட்டேன்டா. சரி விடு. பச்சப் பெயிண்ட் அடிச்சா ஒன்னும் தெரியாது."

"பெயிண்ட் வேணாம்மா. அவனுக்குப் பெயிண்ட் தேவையில்ல."

"யாருக்கு?"

சோடாப் போத்தல்களைக் கீழே வைத்தான். "ஹஸீபுக்கு. இன்னிக்கு வாறான்."

சுப்பம்மா வாயைப் பிளந்தாள். யட்டியாந்தோட்டை பஜாரில் புடவைக் கடை வைத்திருந்த ஸஹாப்தீன் முதலாளியின் மகன் ஹஸீப். சின்ன வயதில் பாதி நாள் இந்த லயத்தில்தான் கிடப்பான். யுத்த காலத்தில் அவன் தமிழரோடு மோதிய ஆமியில் சேர்ந்து புறப்பட்ட அன்று, பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க, "இனிமே என் மூஞ்சியில முழிக்காத!" என்று கத்திவிட்டு வந்தான் கஜேந்திரன். அதோடு பேச்சு நின்றது. ஹஸீபின் குடும்பமும் கடையை விற்றுவிட்டுக் குருவிட்டைப் பக்கம் போய்விட்டது.

"அத்தன வருசமும் டாங்கியிலதான் இருந்தானாம்மா. இப்ப ஆமிய விட்டு வந்துட்டான். நாளைக்குக் குடும்பத்தோட புத்தளத்துக்கே குடி போறாங்க. நாந்தான் போன் பண்ணி, ஒருக்கா வந்துட்டுப் போடான்னேன். இதக் கையில குடுத்து மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு நான் சொன்னத நெனச்சா இப்பவும் நெஞ்சு வேகுதும்மா."

"நாட்டுச் சண்டதான் நின்னு போச்சே. அவனும் மறந்திருப்பான். இத்துனூண்டு சாமான அவன் என்ன, பூதக்கண்ணாடி வச்சா பாக்கப் போறான்?"

கஜேந்திரன் டாங்கியை வாங்கிக்கொண்டான். மிச்சமிருந்த புட்டியைக் கரைத்து, அவசர அவசரமாகப் பிரஷால் குத்தினான். எண்ணெய்ப் பசையில் அது பிடிக்கவேயில்லை. துடைத்துவிட்டு, சவுக்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்போதே கீழே ரோட்டில் த்ரீவீலர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இனிப் பூசினாலும் காயாது. பிரஷைத் தூக்கி மூலையில் எறிந்தான். அம்மாவைத் திட்டவும் மனம் வரவில்லை.

சுப்பம்மாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கெடுத்தவள் அவள், அவளே சரிக்கட்ட வேண்டாமா? ஈரத்தை முந்தானையால் துடைத்து, டாங்கியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

ஸஹாப்தீனும், அவர் தோளில் கை போட்டபடி ஹஸீபும் படியேறி வந்தார்கள்.

"வா மகனே! எப்படி எளச்சுப் போயிட்ட! இந்தா பாரு, ஒன் கூட்டாளி ஒனக்குன்னே தூக்கம் முழிச்சு செஞ்சது."

ஹஸீப் சிரித்தான். ஆனால் கையை நீட்டவில்லை.

பின்னால் வந்து நின்ற கஜேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். ஸஹாப்தீன் மகனின் கையைப் பிடித்து டாங்கியின் மேல் வைத்தார்.

"கண்ணுதான் ரெண்டும் போச்சே, தங்கச்சி. எதுண்டாலும் வெரலாலதான் பாக்கிறான்."

சக்கரங்களையும் குழாயையும் ஆசை ஆசையாகத் தடவிக்கொண்டு போன விரல்கள், தலைப் பகுதிக்கு வந்ததும் அங்குமிங்கும் தேடிவிட்டு நின்றன.

"இது நான் இருந்த டாங்கி இல்லியே, மச்சான்" என்றான் ஹஸீப்.