கடைசி உதை

"கையை விரிடா பிரசாந்த்! இன்னும் நல்லா விரி!"

டிவிக்கு முன்னால் நின்று தன் கைகளையே விரித்துக் காட்டினார் எதிர்வீட்டுத் தொட்டையன். விரித்த வேகத்தில் பக்கத்தில் இருந்த தேவம்மாவின் காபி டம்ளர் எகிறிப் போய் விழுந்தது.

"அய்யோ, சும்னிரி, சும்மா இருங்க தொட்டையண்ணா! கோழிக்கோட்டுல நிக்கிறவனுக்கு நீங்க கத்துறது கேக்குமா?"

மண்டி மொஹல்லாவில் பாலனின் வீட்டு முன்னறையில் கால் வைக்க இடமில்லை. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சந்தில் நின்றார்கள். அந்த வழியாக வந்த ஆட்டோக்காரர் ஒருவர், ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, வண்டியை அணைத்துவிட்டு அவரும் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கூட்டம் இல்லாமல் எப்படி? கட்டடங்களுக்கு பெயின்ட் அடிக்கும் பாலனின் மகன் பிரசாந்த், கோப்பைக்கான இறுதி ஆட்டத்தில் கோல் கீப்பர்! பெரிய கிளப்பில் சேர்ந்து இரண்டு வருஷமாகியும் அவனுக்கு வாய்த்தது பெஞ்ச் மட்டும்தான். "மைதானத்துலயே ரொம்ப நல்ல இடம் எனக்குத்தாம்மா, உக்காந்தே பாக்கலாம்" என்று போனில் சிரிப்பான். இந்த மாதத்தோடு ஒப்பந்தமும் முடிகிறது. அரையிறுதியில் முதல் கீப்பருக்குத் தோள்பட்டை இறங்கிவிட, இன்று காலையில்தான் கோச் இவனைக் கூப்பிட்டு, "நீதான்" என்றாராம்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக முடிந்து, பெனால்டிக்கு வந்திருந்தது.

முதல் மூன்று உதைகளும் பிரசாந்தைத் தாண்டி வலைக்குள் போயின. நான்காவது உதை இடது மூலைக்கு வந்தது. பிரசாந்த் பாய்ந்தான். விரல் நுனியில் பட்ட பந்து கம்பத்தில் மோதி வெளியே தெறித்தது.

அறையே எழும்பிக் குதித்தது. பாலன் தொட்டையனை இடுப்போடு கட்டித் தூக்கிவிட்டார். சரசு மர பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு, "என் புள்ள! என் புள்ள!" என்று கை வலிக்கத் தட்டினாள்.

"சரசு, இறங்கு, விழுந்து வைக்காதே!" தேவம்மா அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரசாந்தின் அணி தன் ஐந்து உதைகளையும் முடித்து, இப்போது ஒரு கோல் முன்னால். எதிரணிக்கு இன்னும் ஒரே ஒரு உதை பாக்கி. அதைத் தடுத்துவிட்டால் கோப்பை. விட்டுவிட்டால் சமம்; மறுபடியும் ஆளுக்கொரு உதை.

எதிரணியின் பத்தாம் நம்பர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தான்.

அறை சட்டென்று அடங்கியது. பாலன் எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். விரித்த கைகளைத் தொட்டையன் மெல்ல மடக்கிக்கொண்டார். சரசு பெஞ்சிலிருந்து இறங்கி நேராகச் சமையலறைக்குள் போனாள்.

தேவம்மா பின்னாலேயே வந்தாள். "ஏன் சரசு? இதைத்தானே பாக்கணும்?"

"என்னால முடியாதுக்கா. நீங்க பாத்துச் சொல்லுங்க."

"சாமியை வேண்டிக்கோ."

"சாமிகிட்ட என்ன கேக்குறதுன்னே தெரியலக்கா." சரசு அடுப்பு மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே ஆட்டோக்காரர் மட்டும் கத்தினார். "யார்ரா அவன், பெரிய மைனராட்டம் நடந்து வர்றான்? கால் தடுக்கி விழுடா!"

பாலன் திரும்பினார். "அப்படிச் சொல்லாதீங்க தம்பி. அவனும் ஒரு வீட்டுப் புள்ளதான்."



விசில். பத்தாம் நம்பர் ஓடி வந்தான். நடுவில் ஒரு கணம் தயங்கினான். கோட்டின் மேல் பிரசாந்த் அசையவே இல்லை. உதை விழுந்த பிறகுதான் வலப்பக்கம் பறந்தான். நெஞ்சுயரத்தில் வந்த பந்தை இரண்டு உள்ளங்கைகளாலும் அறைந்து வெளியே தள்ளினான்.

"தடுத்துட்டான்! நம்ம பிரசாந்த் தடுத்துட்டான்!"

சந்து முழுக்க அதிர்ந்தது. யாரோ பட்டாசுச் சரத்தைக் கொளுத்திப் போட்டார்கள். ஆட்டோக்காரர் ஓடிப் போய் விடாமல் ஹாரன் அடித்தார். டிவியில் அணிக்காரர்கள் பிரசாந்தின் மேல் விழுந்து புரண்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு அவன் எங்கோ ஓட, கேமரா கோப்பையின் பக்கம் திரும்பிவிட்டது.

தேவம்மா சரசுவைக் கட்டிக்கொண்டாள். "கப்பு வந்துடுச்சு சரசு! இனிமே உன் மகனை பெஞ்சுல உக்கார வெக்க எவனுக்குத் தைரியம் வரும்?"

சரசு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வழிந்தது. முன்னறையில் பாலனும் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வருகிறவர்களுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஜிலேபி தீர்ந்துபோகிற நேரத்தில் சரசுவின் செல்போன் அடித்தது.

"ஸ்பீக்கர்ல போடுங்கம்மா, நாங்களும் பேசுறோம்!" என்று ஆட்டோக்காரர் ஜன்னலில் தொற்றினார். மற்றவர்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை. தொட்டையன் ஆட்டோக்காரரின் தோளில் கை வைத்து, பேசாமல் இருக்கும்படி ஜாடை காட்டினார்.

சரசு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அழாதடா ராஜா. அப்பாவும் பாத்தாரு, எல்லாரும் பாத்தோம். நீ சரியாத்தான் அடிச்சே" என்றாள். "தடுத்தது உன் தம்பிதானே, வேத்தாளா?"