இத்தனை சத்தம் எதுக்கு?

"மன்னிப்புக் கேட்டாத்தான் பேண்ட் குழுவுல இடம். இல்லன்னா சேலம் போட்டிக்கு வேற ஆளுதான் டிரம்ஸ் அடிக்கும்" என்றார் மியூசிக் மாஸ்டர் சவுரியப்பன்.

"கேக்க மாட்டேன் சார்."

பிளஸ் ஒன் படிக்கும் காவியா, டிரம்ஸ் குச்சியை இன்னும் கீழே வைக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் வந்து நின்ற அமுதவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆண்டு விழாவில், ஊரே பார்க்க ஒரு பாட்டைக் கொலை செய்துவிட்டு, பெற்ற மகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டல்லவா நிற்கிறாள்!

பழைய இங்கிலீஷ் ராக் பாட்டு. கான்வென்ட்டில் படித்த காலத்திலேயே அமுதவல்லிக்கு மனப்பாடம். அதற்காகவே அடித்துப் பிடித்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பாடியது சித்தேரி மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் படிக்கும் ஜெயபிரியா. குரல் என்னவோ நல்ல குரல்தான். ஆனால் அந்த உச்சரிப்பு! அமுதவல்லிக்கும் பக்கத்து நாற்காலிக்காரிக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்போதுதான் காவியா இடி இடிக்கிற மாதிரி அடிக்க ஆரம்பித்தாள். கிடாரும் கேட்கவில்லை, பாட்டும் கேட்கவில்லை. ஓரத்தில் நின்று மாஸ்டர் கையைக் கையைக் காட்டியும் அவள் அடங்கவில்லை.

"அது மெதுவா அடிக்கற இடங்க. வேணும்னே பண்ணியிருக்கா" என்றார் மாஸ்டர்.

"ஏன்டி, அந்தப் பொண்ணு பேர் வாங்கிடுவாளோன்னு பொறாமையா?" என்று பாய்ந்தாள் அமுதவல்லி.

"ஐயோ, இல்லீங்கம்மா!" ஜெயபிரியா ஓடி வந்தாள். "அவ அடிச்ச அடியிலதான் எனக்குப் பயமே போச்சுங்க. வேற ஒண்ணுமே காதுல விழல. கண்ண மூடிட்டுப் பாடிட்டேன்."

"நீ சும்மா இரு. இவளுக்கு வக்காலத்து வேறயா?"

மாஸ்டர் கொஞ்சம் இறங்கி வந்தார். "மன்னிப்புகூட வேணாம். காரணத்தையாச்சும் சொல்லு, விட்டுடறேன்."

"இடம் போனாப் போகட்டும் சார். சொல்ல மாட்டேன்."

"என்ன திமிரு!" அமுதவல்லி மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுடி! இப்பவே, சார் முன்னாடியே சொல்லு!"

காவியா அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"அவ ஒவ்வொரு வரி பாடினப்பவும் நீ அதே மாதிரி சொல்லிக் காட்டிச் சிரிச்சே. மேடை வரைக்கும் கேட்டுச்சும்மா. அவ காதுல விழக் கூடாதுன்னுதான் அடிச்சேன். இப்ப சொல்லு... சார்கிட்டயும் சொல்லட்டுமா?"